ரெண்டு விசில்

அண்ணாச்சி, அந்தப் பையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க. ரெண்டு பேர் சீட்டு இது. பை ஒரு ஆள் இல்ல பாருங்க. ஆங், இப்பம் சரி. கோவிச்சுக்கிடாதிய, பழக்கம். முப்பத்தோரு வருஷம் கண்டக்டரா இருந்தவன் வாயி, ரிட்டயர் ஆனாலும் சும்மா கெடக்க மாட்டேங்கு.

நீங்க எங்க வரைக்கும்? பாபநாசமா? கோயிலுக்கா? நல்லது, நல்லது. நான் அம்புட்டு தூரம் வரல. கடையம் தாண்டி தோட்டத்து விலக்குன்னு ஒரு ஸ்டாப்பு வரும், அங்க இறங்கிருவேன். அதுக்கப்புறம் நீங்க பையை உக்கார வச்சு அதுக்கு ஜன்னலையும் தொறந்து விடலாம்.

இந்தக் கண்டக்டர் பையனைப் பாத்தியளா? தென்காசியில ஏறுனதுலேர்ந்து முன்வாசல்லயே நிக்கான். பின்படியில யாரு ஏறுதா, யாரு இறங்குதான்னு எவன் பாக்கது? விசிலை வாயில வச்சபடியே கெடக்கான், பால்புட்டி மாதிரி. டெப்போவுல எனக்குக் குடுத்த விசிலை நான் தொட்டதே கெடையாது. நாக்கை மடிச்சுக் கீழ்ப்பல்லுல வச்சு ஒரு இழுப்பு, அம்புட்டுதான். சந்தை நாள்ல நூத்திப்பத்து பேர் ஏறுன வண்டியில, பின்னாடி நின்னு நான் குடுத்தா இஞ்சின் சத்தத்தைத் தாண்டி டிரைவர் காதுல போயி நிக்கும். 'விசில் நாயகம்'னுதான் என்னைச் சொல்லுவாவ. முழுப்பேரு கோமதிநாயகம். ஒண்ணு குடுத்தா நிக்கணும், ரெண்டு குடுத்தா போகணும். எங்க வேதமே அதுதான்.

அதெல்லாம் அந்தக் காலம். இப்பம் பாருங்க. கூச்சப்படாதிய, நல்லா பாருங்க. மேலயும் கீழயும் பல்செட்டு. மாட்டி ஒன்றரை வருஷமாச்சு. ஊதிக் காட்டட்டா? ஃபூ... ஃபூ... கேட்டுச்சா? காத்து. வெறுங்காத்து. தெருவுல ஆட்டோவைக் கூப்பிடணும்னாலும் கையைத்தான் தட்டுதேன். இதை மனசுல வச்சுக்கிடுங்க, பின்னால கேப்பேன். நீங்க நாலு எழுத்து படிச்சவரு மாதிரி இருக்கிய, நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

ஏன்னா, நான் இப்பம் ஒரு கையெழுத்து போடத்தான் போறேன். சட்டைப் பையில இருக்கு காயிதம். என் கையெழுத்து விழுந்துட்டா ஒருத்தனுக்கு வேலை போயிரும். வேலை மட்டும் இல்ல, அவன் இருக்குத ரூமும் போயிரும். போகட்டும். உண்மையைச் சொல்லுததுக்கு நான் எதுக்குப் பயப்படணும்? என் வீட்டுக்காரி இருபத்திரண்டு நாளா என்கூட பேசல. பேசாண்டாம். இன்னைக்குக் காலையில என் பல்செட்டு டப்பாவைக் காணல. வீடு பூரா தேடுதேன், அவ ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. கடைசியில அரிசிப் பானைக்குள்ள கெடக்கு. பல்லு இல்லாம நான் கெளம்ப மாட்டேன்னு நெனச்சிருக்கா. யாருகிட்ட?

இருங்க, முதல்லேர்ந்து சொல்லுதேன்.

அந்த விலக்குலேர்ந்து மூணு கிலோமீட்டர் உள்ள போனா மலையடிவாரத்துல ஒரு தோட்டம். பேருதான் தோட்டம். ஒருத்தரு தன் முந்நூறு ஏக்கரை வெட்டாம, உழாம அப்படியே காடா விட்டிருக்காரு. வேலி கெடையாது. மலையிலேர்ந்து மான், மிளான்னு சொல்லுத பெரிய மான் எல்லாம் தானா இறங்கி வரும், தானா போகும். அதை ஜீப்புல ஏத்திச் சுத்திக் காட்டுதாவ, முக்கால் மணி நேரம். சஃபாரியாம். பசுங்குன்றுன்னு போர்டு வச்சிருக்காவ. மகளும் மாப்பிள்ளையும் பேத்தி யாழினியைக் கூட்டிக்கிட்டு கோயம்புத்தூருலேர்ந்து லீவுக்கு வந்திருந்தாவ. மாப்பிள்ளை போன்லயே புக் பண்ணிட்டாரு. "மாமா, நீங்களும் அத்தையும் வாங்க, ஒரு மாறுதலா இருக்கும்"னாரு. எனக்கு என்ன மாறுதல் வேணும்? மயிலைப் பாக்க ஜீப்பா? எங்க வீட்டு மொட்டைமாடிக்கு தினமும் ரெண்டு மயில் வந்து காயப்போட்ட வத்தலைத் தின்னுட்டுப் போவுது. அதுக கேட்டா சிரிக்கும்.

ஆனா சண்முகத்தாய், அதான் என் வீட்டுக்காரி, அதுக்குள்ள கெளம்பி வாசல்ல நிக்கா. புதுச்சேலை, தலை நெறய மல்லியப்பூ, கூடை நெறய புளியோதரை. கல்யாண வீட்டுக்குப் போறாப்ல. நாப்பது வருஷத்துல நான் அவளை எங்கயும் கூட்டிக்கிட்டுப் போனதில்லையாம். கூட்டத்துக்குள்ளயே பொழப்பு நடத்துன எனக்கு லீவு நாள்ல வீட்டுல கெடக்கதுதான் சுகம். அதைச் சொன்னா புரியாது.

கேட்டுல மேனேஜர் நின்னாரு. பெனடிக்ட்னு பேரு, சின்ன வயசு, தலையில காக்கித் தொப்பி. சட்டம் சொல்லுதாரு. சத்தம் போடக்கூடாது. செல்போனை அமத்திரணும். பூ வாசனை ஆகாது. சாப்பாட்டைத் தொறக்கக்கூடாது. டிரைவர் சொல்லாம இறங்கக்கூடாது. சண்முகத்தாய் தலையில இருந்த பூவைக் கழட்டி, கேட்டு ரூமுல மாட்டியிருந்த அந்தோணியார் படத்துக்குப் போட்டுட்டா. நான் சொன்னேன், "தம்பி, முப்பத்தோரு வருஷம் ஊரையே ஏத்தி இறக்குனவன் நான். எனக்கு வண்டியில உக்காரச் சொல்லித்தராதிய." அவரு சிரிச்சுக்கிட்டாரு.

அப்பம்தான் ஜீப்பு வந்துச்சு. மேல கூரை இல்ல. பின்னாடி ரெண்டு வரிசை சீட்டு, ஏறுததுக்கு இரும்புப் படி. ஸ்டீரிங்குல உக்காந்திருந்தது யாருங்கிய? மாடக்கண்ணு!

சொல்லுதேன், சொல்லுதேன். மாடக்கண்ணு என் டிரைவர். பதினேழு வருஷம் ஒரே ரூட்டு, ஒரே வண்டி. முன்னாடி அவன், பின்னாடி நான். டெப்போவுல எங்களைப் புருசன் பொண்டாட்டின்னு கேலி பேசுவானுவ. அவன் தோளை ஒரு குலுக்கு குலுக்குனா டீ வேணும்னு எனக்குத் தெரியும். நான் கம்பியில ஒரு தட்டு தட்டுனா பின்னாடி தகராறுன்னு அவனுக்குத் தெரியும். அப்படி இருந்தோம். அதுக்கப்புறம் பதினோரு வருஷமா பேச்சே கெடையாது.

காரணம் ஒரு பூக்காரம்மா. ஆலங்குளம் தாண்டி ஒரு ஸ்டாப்பு, சாயங்காலம், நல்ல கூட்டம். அந்தம்மா கூடையைக் கீழ இறக்கி வச்சுட்டு பின்படியில இறங்குதா. வண்டி எடுத்துட்டு. விழுந்து இடுப்பெலும்பு போச்சு. என்கொயரி வச்சாவ. மாடக்கண்ணு சொன்னான், "ரெண்டு விசில் வந்துச்சு சார், அதான் எடுத்தேன்." நான் சொன்னேன், "நான் குடுக்கல." குடுக்கலைன்னா குடுக்கலைதான? அந்தம்மா இறங்கிட்டான்னு மனசுல நெனச்சேன். கூடை கீழ போயிட்டு, அப்பம் ஆளும் போயிருக்கும்னு நெனச்சேன். நெனச்சது மட்டும்தான். நெனச்சதுக்கு ஒரு மெமோ குடுக்க முடியுமா, சொல்லுங்க?

டெப்போவுல என்னைத்தான் நம்புனாவ. அதுவரைக்கும் என் மேல ஒரு கம்ப்ளெய்ன்ட் கெடையாது. அவனை சஸ்பெண்ட் பண்ணி, அப்புறம் எங்கயோ தூரமா ஒரு டெப்போவுக்கு மாத்திட்டாவ. போறதுக்கு முந்துன நாள் பஸ் ஸ்டாண்டுல என்கிட்ட வந்தான். "நாயகம், நீரு குடுத்தீரு வே. உமக்கே தெரியாம குடுத்தீரு"ன்னான். எனக்கு எப்படி இருக்கும்? என் வாயி எனக்குத் தெரியாம ஊதுமா? எனக்கு என்ன பேயா பிடிச்சிருக்கு? "போம் வே, உம்ம சோலியைப் பாத்துக்கிட்டு"ன்னுட்டேன். அதோட முடிஞ்சுது.

அந்த மாடக்கண்ணுதான் ஜீப்புல இருக்கான். தலை முழுசா வெளுத்துட்டு. என்னைப் பாத்தான். நானும் பாத்தேன். அவன் மேனேஜர் பக்கம் திரும்பி, "அஞ்சு பேரா சார்?"னு கேட்டான். சண்முகத்தாய்க்கு வாயி சும்மா இருக்குமா? "என்ன அண்ணே, சௌக்கியமா? மதினி நல்லா இருக்காவளா?" "இருக்கோம் தாயி. இங்கனயே ரூம் குடுத்திருக்காவ. இது ஒண்ணுதான் இப்பம் நமக்கு"ன்னான். ஏறிப் பின்வரிசையில படியோரமா உக்காந்தேன். என் இடம் அதான்.

ஜீப்பு கெளம்புனதும் அவன் பேச ஆரம்பிச்சான் பாருங்க! பஸ்ஸுல பதினேழு வருஷம் வாயைத் தொறக்காத ஆளு. இங்க மெதுவா, கொழந்தைக்குச் சோறு ஊட்டுத மாதிரி பேசுதான். "இடது கைப்பக்கம் அந்த மரத்தைப் பாருங்க. பட்டையில நகம் கீறியிருக்கா? கரடி தேனெடுக்க ஏறியிருக்கு." யாழினி வாயைப் பொளந்துக்கிட்டு கேக்கா. நான் பொதுவா மரத்தைப் பாத்துச் சொன்னேன், "கரடியைக் காட்டுவாவன்னு வந்தா கீறலைக் காட்டுதாவ." அவனும் மரத்தைப் பாத்தே சொன்னான், "அவசரப்படுதவங்களுக்குக் கரடி வராது." எம்மகளுக்கு ஒண்ணும் ஓடல, எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்கா.

அணிலு ஒண்ணு காட்டுனான். ஆத்தாடி, அணிலா அது? பூனை அளவு இருக்கு, செக்கச்செவேல்னு, மரத்துக்கு மரம் பறக்கு. புள்ளிமான் பத்துப் பன்னெண்டு. ஒரு மிளா பாதையை மறிச்சு நின்னுக்கிட்டு, நாம என்னமோ அது வீட்டு முத்தத்துல வண்டியை நிப்பாட்டுன மாதிரி மொறைச்சுது. சண்முகத்தாய் என் தொடையைக் கிள்ளுதா, "பாருங்க, பாருங்க"ன்னு. பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. இல்லைங்கல.

அப்புறம் ஒரு ஓடைக்கரை. ஒத்தை வண்டிப் பாதை. முன்னால மரம் ஒண்ணு விழுந்து கெடக்கு, திருப்ப இடம் இல்ல. ரிவர்ஸ்லதான் வரணும். ஒரு பக்கம் பள்ளம். பின்னாடி பாக்க அவனுக்கு வழி இல்ல, எங்க தலையெல்லாம் மறைக்கு. அவன் கேக்கல. நானும் சொல்லல. என் கை தானா போயி ஜீப்பு தகரத்துல தட்ட ஆரம்பிச்சுட்டு. "வா... வா... வா... லெஃப்ட் ஒடி... வரட்டும்... ஓல்டேன்!" சொன்ன இடத்துல வண்டி நிக்கு. அரை அடி தவறுனா பள்ளம். முந்நூறு அடி அப்படியே வந்தோம் அண்ணாச்சி, ஒரு கீறல் விழல. மாப்பிள்ளை கையைத் தட்டிட்டாரு, சத்தம் போடக்கூடாதுங்கதையும் மறந்து. பின்பக்கம் பாக்குத கண்ணாடியில மாடக்கண்ணு கண்ணைப் பாத்தேன். பதினோரு வருஷம் கழிச்சு. அவன் தோளை ஒரு குலுக்கு குலுக்குனான். சரி, அதை விடுங்க. டீ வேணும்னு அர்த்தம், வேற ஒண்ணும் இல்ல.

கடைசியா ஒரு தண்ணித்தொட்டி. மிருகங்களுக்காகக் கட்டி விட்டிருக்காவ. அங்க பத்து நிமிஷம் இறங்கிக்கிடலாம்னான். எல்லாரும் இறங்குனோம். சண்முகத்தாய் சேத்துல இருந்த காலடித் தடத்தையெல்லாம் யாழினிக்குக் காட்டிக்கிட்டிருந்தா. திடீர்னு மாடக்கண்ணு கொரல் மாறிட்டு. "எல்லாரும் ஏறிக்கிடுங்க. ஓடாதிய. சத்தம் வேண்டாம்." பாத்தா, தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒத்தைக் காட்டு மாடு. கன்னங்கரேல்னு, எங்க வீட்டு பீரோவை விட உசரம். கால்ல மட்டும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கு.

எல்லாரும் ஏறுதாவ. மாடக்கண்ணு வண்டியை ஸ்டார்ட் பண்ணி, மாட்டையே பாத்துக்கிட்டிருக்கான். கண்ணை எடுக்கல. அதுதான் முறை. முன்னாடி பாக்கது அவன் வேலை, பின்னாடி ஆளை ஏத்துதது என் வேலை. இல்ல, இல்ல, அன்னைக்கு அது என் வேலை இல்ல. நான் பாசஞ்சர். பழக்கதோசத்துல வந்துட்டு. ஆனாலும் தலையை எண்ணுனேன். மகள், மாப்பிள்ளை, பேத்தி, நான். சண்முகத்தாய் சீட்டுல கூடை, கூடை மேல அவ துண்டு. சீட்டுல துண்டு கெடந்தா ஆளு இருக்குன்னு அர்த்தம். உங்களுக்குத் தெரியாதா, ஊரு உலகத்துக்கே தெரியும். அஞ்சு. எல்லாரும் ஏறியாச்சுன்னு மனசுல நெனச்சேன்.

நெனச்சது மட்டும்தான்!

வண்டி ஒரு குதி குதிச்சுக் கெளம்பிட்டு. சண்முகத்தாய் செருப்பு சேத்துல மாட்டிக்கிட்டு, அதைப் பிடுங்கி எடுத்துக்கிட்டு வந்தவ அப்பம்தான் படியில ஒரு காலை வச்சிருக்கா. அப்படியே பின்னால விழுந்துட்டா. வலது மணிக்கட்டு ரெண்டு துண்டு. மாடு? அது நிமிந்து பாத்துச்சு, அப்புறம் குனிஞ்சு தண்ணி குடிச்சுது. எங்க குடும்பத்துல நடக்குததைப் பத்தி அதுக்கு என்ன? நான் இறங்குததுக்கு முந்தி மாடக்கண்ணு குதிச்சு ஓடிட்டான். மாடு நிக்குன்னு கூட பாக்கல. "தாயி, தாயி"ன்னு அழுதுக்கிட்டே அவளைத் தூக்கிக் கொண்டாந்து ஏத்துனான்.

கேட்டுக்கு வந்ததும் மேனேஜர் கேட்டாரு, என்னய்யா நடந்துச்சுன்னு. அவன் சொல்லுதான், "ரெண்டு விசில் வந்துச்சு சார், அதான் எடுத்தேன்." அதே வார்த்தை! பதினோரு வருஷத்துல ஒரு எழுத்து மாத்தல! மேனேஜர், "ஜீப்புல ஏதுய்யா விசில்? இது என்ன டவுன் பஸ்ஸா?"ன்னாரு. கேட்டுல நின்னவன் எல்லாம் சிரிச்சான். மாடக்கண்ணு சிரிக்கல. என்னைத்தான் பாத்தான். "நீரு சொல்லும் வே"ன்னான். நான் அந்த இடத்துலயே பல்செட்டைக் கழட்டிக் காட்டுனேன். மாட்டி ஊதிக் காட்டுனேன். காத்துதான் வந்துச்சு. "பல்செட் போட்டவன் விசில் அடிக்க முடியாது சார்"னு பத்து தடவை சொன்னேன். மேனேஜர் நம்பிட்டாரு. யாரும் நம்பத்தான செய்வான்?

மாப்பிள்ளை சொன்னாரு, "மாமா, எனக்கும் ஏதோ சத்தம் கேட்டுச்சு. மலையில ஒரு குருவி மனுசன் மாதிரியே விசிலடிக்கும், அதுவா இருக்கும்"னு. அதான் சரி. குருவிதான். குருவி ரெண்டு தடவை கூவுனா வண்டியை எடுத்துருவானா? அவன் என்ன டிரைவரு?

சண்முகத்தாய் மட்டும் மாவுக்கட்டு போட்டுக்கிட்டுப் படுத்தவ என்னைப் பாத்து, "நீங்கதான் ஊதுனிய. நான் கீழ நின்னு உங்க வாயைப் பாத்தேன். அந்த மனுசன் வயித்துல அடிக்காதிய"ன்னா. அம்புட்டுதான். அன்னைக்கு மூடுன வாயி. வலியில ஒளறுதான்னு விட்டுட்டேன். இருபத்திரண்டு நாளா வலிக்குமான்னு கேக்கிய. எனக்கு என்ன தெரியும்? நான் பொங்கிப் போடுத சோத்தை இடது கையில ஸ்பூனைப் பிடிச்சு அள்ளுதா. உப்பு இல்லைன்னு ஏசக்கூட மாட்டேங்கா. ஏசுனாலாவது வீட்டுல ஒரு சத்தம் இருக்கும்.

அந்த மாடக்கண்ணு ஒரு தடவை என்னை வந்து பாத்தானா? ஒரு போன்? கெஞ்ச வேண்டாம்யா, "நாயகம்"னு கூப்பிட்டா போதும். வரமாட்டான். திமிரு! மேனேஜர் காயிதத்தை டைப் அடிச்சு அனுப்பிட்டாரு. இந்தா, படிச்சுப் பாருங்க. 'எந்தச் சமிக்ஞையும் இல்லாமல் ஓட்டுநர் கவனக்குறைவாக வண்டியை எடுத்தார்.' பதினோரு மணிக்கு முதலாளி வாராரு. அவரு முன்னால நான் கையெழுத்து போடணும், உடனே அவனை அனுப்பிருவாவ. போடுவேன். ரெண்டு தடவை என் மேல பழி போட்டவனை நான் எதுக்கு விடணும்?

இது எந்த ஸ்டாப்பு? கடையம் வந்துட்டா? பாருங்க கூத்தை, கண்டக்டர் முன்னால இறங்கி மூட்டைக்காரன்கிட்ட லக்கேஜ் சண்டை போடுதான். பின்னாடி நாய் கூட கவனிக்கல. நல்லவேளை நான் இருக்கேன். ரெண்டு பேரு இறங்கியாச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைய மூணு ஏறியாச்சு. வாழையிலைக் கட்டு உள்ள வந்தாச்சு. எதுக்குச் சொல்லுதேன்னா, எண்ணிக்கையில நான் தப்பவே மாட்டேன் அண்ணாச்சி. என் சர்வீஸுல எவனாவது சொல்லட்டும். கையில, வாயில என் கட்டுப்பாடு இல்லாம ஒண்ணு நடக்குமா? எல்லாரும் ஏறியாச்சு...

ஏய்! ஏய்! நிறுத்து! நிறுத்துப்பா! அந்த இலைக்கட்டுக்காரம்மா படியில தொங்குதா! கையைப் பிடிங்கடே, விட்டுராதிய! ஒண்ணு அடி, எவனாவது ஒரு விசில் அடிங்கடே! ஆங், நின்னுட்டு. இழுத்தாச்சு. முருகா! ஒண்ணும் இல்லையேம்மா? இலைக்கட்டு உள்ள பத்திரமா இருக்கு, நீ உக்காரு, தண்ணி குடி. யோவ் டிரைவரே, அறிவு இருக்கா உமக்கு? கண்டக்டர் கீழ நிக்கான், எவன் சொல்லி வண்டியை எடுத்தீரு?

என்ன சொல்லுதான்?

"ரெண்டு விசில் வந்துச்சுல்லா, அதான எடுத்தேன்"ங்கான்.

நீங்க ஏன் அண்ணாச்சி என்னையே பாக்கிய? நான் உங்ககிட்ட பேசிக்கிட்டுல்லா இருந்தேன். பேசிக்கிட்டிருந்தவன் எப்படி ஊத முடியும்? தலையை ஆட்டாதிய. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க காதால கேட்டியளா? உங்க கண்ணால பாத்தியளா? ரெண்டா?

குருவியா இருக்கும்.

கடையத்து பஸ் ஸ்டாப்புல ஏது குருவி.

நாக்கு நுனி எரியுது அண்ணாச்சி. கீழ்ப் பல்செட்டு இடம் மாறிக் கெடக்கு. இருங்க, சரி பண்ணிக்கிடுதேன். அப்பம் அவ பாத்தது நெசம்தான். பூக்காரம்மாவையும் நான்தான் தள்ளி விட்டிருக்கேன். அந்தம்மா அதுக்கப்புறம் கம்பு ஊணித்தான் நடந்தா. மாடக்கண்ணு பிள்ளைகளோட பெட்டி படுக்கையைக் கட்டிக்கிட்டு ஊரு விட்டு ஊரு போனான். நான் அன்னைக்கு அவன் முகத்தைப் பாத்து 'போம் வே'ன்னேன்.

அந்த டிரைவர் மூஞ்சியைப் பாருங்க. ஆளாளுக்கு அவனை ஏசுதாவ. கண்டக்டர் பையனும் ஓடி வந்து ஏசுதான், "நான் அடிக்கவே இல்லையே, நீரு எப்படி எடுத்தீரு?"ன்னு. அவன் அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லுதான். எனக்குத் தெரியும் அண்ணாச்சி அந்த மூஞ்சி. கேட்டுல நின்னு என்னைப் பாத்துச்சே, அதே மூஞ்சிதான்.

ஏ தம்பி! கண்டக்டர் தம்பி! இங்க பாரு. டிரைவரை ஏசாத. அவரு மேல தப்பே இல்ல. விசிலடிச்சது நான்தான். ஆமா, நான்தான். இந்த வாயிதான் அடிச்சுது, ரெண்டு. டிரைவரே, என்னை மன்னிச்சுக்கிடும். அம்மா, நீயும் மன்னிச்சுக்க. ஏசணும்னா எல்லாரும் என்னை ஏசுங்க.

சிரிக்கான் பாருங்க! "பெருசு, பல்லு பூரா கட்டிக்கிட்டு நீரு எப்படி விசிலடிச்சீரு? அடிச்சுக் காட்டும், பாப்போம்"ங்கான். ஃபூ... ஃபூ... வரமாட்டேங்கே. ஃபூ... சனியன், கூப்பிடும்போது வரமாட்டேங்கே! எல்லாரும் சிரிக்காவ. டிரைவரைக் காப்பாத்தப் பொய் சொல்லுதேங்காவ. யோவ், சத்தியமா நான்தான்யா!

வண்டி எடுத்துட்டான். சரி.

இனி மேனேஜர்கிட்டயும் இதே கதைதான் நடக்கும். போயி நின்னு 'நான்தான் அடிச்சேன்'னா நம்புவாரா? பல்செட் போட்டவனுக்கு விசில் வராதுன்னு பத்து தடவை அவரு தலையில ஏத்துனதே நான்தான். பழைய சிநேகிதத்துல மனசு எளகிட்டாருன்னு முதுகைத் தட்டி டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருவாரு. மாடக்கண்ணு ரூமைக் காலி பண்ணுவான். இந்தக் காயிதத்தோட பின்பக்கம் வெறுமையாத்தான் இருக்கு, அதுல என் கைப்பட எழுதிக் குடுத்துருவேன். ஆனா எழுத்து மட்டும் போதாது அண்ணாச்சி. கேட்ட ஆளு ஒண்ணு வேணும். பாத்த ஆளு.

விலக்கு வந்துட்டு. எந்திரிங்க. நீங்கதான் அண்ணாச்சி, வேற யாரு? பாபநாசத்துக்கு முக்கால் மணி நேரத்துக்கு ஒரு வண்டி உண்டு, சாமி எங்கயும் போயிராது. நான் டிக்கெட் எடுத்துத் தாறேன். நீங்க பேச வேண்டியது ஒரே ஒரு வார்த்தை, 'இவன் ஊதுனான், நான் கேட்டேன்.' முதலாளி முன்னால சொல்லுங்க. மாடக்கண்ணு காதுல விழுத மாதிரி சொல்லுங்க. அதுக்கப்புறம் அவன் என்னைச் செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிடுதேன். அடிக்க மாட்டான். தோளைக் குலுக்குவான்.

பையை எடுத்துக்கிடுங்க. நீங்க முதல்ல இறங்குங்க. நிதானமா, அண்ணாச்சி. ரெண்டு காலும் தரையில படட்டும். நான் வாயைக் கையால பொத்திக்கிட்டுத்தான் நிக்கேன்.